கைராசி இல்லைன்னு யார் சொன்னது? சென்னை வெயிலுக்கு ஏத்த செடிகளைத் தேர்வு செய்வது எப்படி?

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் எந்த நர்சரிக்குப் போனாலும் டேலியா, பெட்டூனியா, சாமந்தினு வரிசையா பூத்து நிக்கும். ஆசையா நாலு தொட்டி வாங்கி பால்கனியில வைப்போம். ஏப்ரல் முடியறதுக்குள்ள ஒவ்வொண்ணா காய்ஞ்சு போகும். 'எனக்குக் கைராசியே இல்லை'னு காலித் தொட்டிகளை மூலையில அடுக்கிடுவோம்.

தப்பு கையில இல்லை; தேர்வு செஞ்ச செடியிலதான்!

பகல் மட்டுமல்ல, இரவும் பிரச்னைதான்

யூடியூபில் வரும் 'வசந்தகாலச் செடிகள்' பட்டியல்களில் பல, குளிர்காலம் முடிஞ்சு மெதுவா சூடேறும் ஊர்களுக்கானவை. சென்னை, புதுச்சேரி, கடலூர் போன்ற கடலோர ஊர்களில் பங்குனியிலேயே வெயில் ஏறிடும். மே முதல் வாரத்துல அக்னி நட்சத்திரமும் வந்துடும்.

இரவும் இங்கே குளிராது. தக்காளியையே எடுத்துக்கங்க. இரவு வெப்பம் 24 டிகிரி செல்சியஸுக்கு மேல போனா பூ பூத்தாலும் காய் பிடிப்பது குறையும், பூ உதிரும். சென்னையில் மே மாத இரவுகள் பெரும்பாலும் 27, 28 டிகிரியில்தான் இருக்கும்.

அடுத்தது, காற்றின் ஈரப்பதம். இலையில பட்ட தண்ணி சீக்கிரம் காயாது. பூஞ்சை நோய் எளிதா தொத்திக்கும். மத்தியதரைக் கடல் பகுதியின் வறண்ட கோடைக்குப் பழகின லாவெண்டர், இந்தப் புழுக்கத்துல அழுகிப்போவது இதனாலதான்.

பூச்செடிகளில் எதை வாங்கலாம்?

நாள் முழுக்க வெயில் அடிக்கும் மாடி: காகிதப்பூ, டேபிள் ரோஸ், நித்தியகல்யாணி. டேபிள் ரோஸுக்கு ஒரு தண்டைக் கிள்ளி நட்டாலே போதும். இந்த மூணுக்குமே தண்ணி அதிகமானாதான் ஆபத்து. அரளியும் நல்லா தாங்கும். ஆனா அது விஷச்செடி. குழந்தைகளோ செல்லப்பிராணிகளோ இருக்கும் வீட்டுக்கு வேண்டாம்.

அரைநாள் வெயில் வரும் பால்கனி: மல்லி, செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, சங்குப்பூ. இட்லிப்பூ இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையா தெரிஞ்சா இரும்புச்சத்துக் குறைவு. உப்பான போர்வெல் தண்ணியை விடாம ஊத்தினா இது வரலாம்.

நேரடி வெயிலே வராத இடம்: மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட். இங்கே பூச்செடி வெச்சு ஏமாற வேண்டாம்.

காய், கீரை

வெண்டை, கத்தரி, கொத்தவரை, தண்டுக்கீரை, கொடிப்பசலை எல்லாம் வெயிலுக்குப் பழகினவை. கீரை விதைச்ச 25, 30 நாள்ல அறுவடைக்கு வந்துடும் என்பதால், முதல்முறை தோட்டம் போடுறவங்களுக்கு நல்ல ஆரம்பம். காலிஃபிளவர், கேரட், பீட்ரூட் இப்போ வேண்டாம்.

நர்சரியில் கவனிக்க வேண்டியவை

* முழுசா பூத்த செடியைவிட, மொட்டு நிறைய இருக்கும் செடியை எடுங்க.
* இலையைத் திருப்பிப் பாருங்க. வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தா அது மாவுப்பூச்சி; செம்பருத்தியில ரொம்ப சகஜம். அந்தச் செடியைத் தவிர்த்துடுங்க.
* 'இது வெயில்ல இருந்ததா, நிழல்வலைக்குள்ள இருந்ததா?'னு கேளுங்க. நிழல்ல வளர்ந்த செடின்னா, வீட்டில் ஒரு வாரம் காலை வெயில் மட்டும் காட்டிட்டு அப்புறம் மொட்டைமாடிக்கு மாத்துங்க.
* மார்ச் பாதிக்குள்ள நட்டுடுங்க. அக்னி வெயிலுக்கு முன்னாடி வேர் பிடிக்க ஒன்றரை மாதம் கிடைக்கும்.

நட்ட பிறகு...

செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூணையும் சம அளவு கலந்துக்கங்க. தொட்டிக்கு அடியில் துளை கட்டாயம் இருக்கணும். கறுப்பு நிறத் தொட்டி சூட்டை இழுத்து வேரை வேகவெச்சிடும். வெளிர் நிறமோ மண் தொட்டியோ நல்லது. மண்ணுக்கு மேல காய்ந்த சருகைப் பரப்பினா ஈரம் நிக்கும். கோடையில் தண்ணீர் லாரியை நம்பியிருக்கும் அப்பார்ட்மென்ட்காரர்களுக்கு இது பெரிய உதவி.

காலை 8 மணிக்குள்ள, இலையில படாம, வேர்ல தண்ணி ஊத்துங்க. அதுக்கு முன்னாடி மண்ணுல ஒரு விரலை விட்டுப் பாருங்க. உள்ளே ஈரமா இருந்தா அன்னிக்குத் தண்ணி வேண்டாம். மதியம் இலை வாடியிருந்தாலும் பதறாதீங்க. சாயங்காலம் தானா நிமிர்ந்தா, செடி நல்லாத்தான் இருக்கு.

டேலியா, பெட்டூனியா ஆசையை மார்கழிக்குத் தள்ளி வைங்க. மழை ஓய்ஞ்சு பனி இறங்கும் அந்த ரெண்டு, மூணு மாதம்தான் அவற்றுக்கு இங்கே சரியான காலம். இந்த வாரம் ஒரு டேபிள் ரோஸ், ஒரு மல்லி, ஒரு தொட்டி தண்டுக்கீரை... இது போதும்!