நம்பர் மாறாமல் கம்பெனி மாற்றம்

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம் போன்ற ஊர்களில் போன் என்றால் ஒரு காலத்தில் அரசுத் தொலைபேசித் துறைதான். கனெக்‌ஷனுக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். கட்டணம் ஏறினால் கட்டித்தான் ஆக வேண்டும். 2000 அக்டோபரில் அச்சேவை பிஎஸ்என்எல் வசம் வந்தது. 2005 ஜனவரியில் அது பிராட்பேண்ட் தொடங்கியது.

மொபைலில் தனியார் நுழைந்த பிறகும், ஊருக்கெல்லாம் கொடுத்துவைத்த நம்பரே கால்கட்டாக இருந்தது. அதை அவிழ்த்தது 2011 ஜனவரி 20 அன்று நாடெங்கும் வந்த போர்ட் வசதி. ‘போர்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, நம்பரைச் சேர்த்து 1900-க்கு அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும்; அதைப் புதிய கம்பெனியிடம் கொடுக்க வேண்டும். வீட்டு பிராட்பேண்டுக்கு இந்தச் சுகம் கிடையாது. பழைய மோடத்தை ஒப்படைத்து, டெபாசிட் இருந்தால் கேட்டு வாங்கி, புது ஒயர் இழுக்க வேண்டும்.

2024 ஜூலை தொடக்கத்தில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் மொபைல் கட்டணத்தை ஏற்றின, பிஎஸ்என்எல் ஏற்றவில்லை. அந்த மாதமே அதற்கு நாடெங்கும் சுமார் 29 லட்சம் வாடிக்கையாளர்கள் கூடினர். ஆனால் 4ஜி எல்லா டவருக்கும் வந்திருக்கவில்லை; சிக்னல் இல்லாத மலிவு யாருக்கு வேண்டும்? நவம்பரில் அதன் கணக்கில் 3 லட்சத்துக்கும் மேல் குறைந்தது.