மலை ஒன்று, பொருள் பல: ஃபுஜியும் ஜப்பானியப் பண்பாட்டு அடையாளமும்

ஜப்பானியப் பண்பாட்டை அந்நாட்டின் நிலமே வார்த்தெடுத்தது என்னும் கருத்துக்குத் தத்துவ வடிவம் தந்தவர் வாட்சுஜி டெட்சுரோ. 1935இல் வெளிவந்த ‘ஃபூடோ’ என்ற நூலில் அவர் உலக நிலங்களைப் பருவக்காற்று நிலம், பாலை, புல்வெளி என மூவகைப்படுத்தினார். பெருமழையும் புயலும் பனியும் மாறி மாறி வரும் நிலத்திலிருந்தே ஜப்பானியரின் மனப்போக்கு பிறந்தது என்பது அவர் வாதம். இதை ஏற்பதில் ஒரு தடை உண்டு. நிலம் பெரிதும் மாறாதிருக்க, மக்கள் அதில் கண்ட பொருள் மட்டும் காலந்தோறும் மாறியது எப்படி? 3,776 மீட்டர் உயரமுள்ள ஃபுஜி மலையைக் கொண்டு இக்கட்டுரை அதை ஆராய்கிறது. நிலம் வாய்ப்பையும் எல்லையையும் தருகிறது. அதை எப்படிப் பார்ப்பது என்று கோயிலும் அச்சும் பள்ளியும் அரசும் கற்பித்த விதத்தில்தான் அடையாளம் உருவாகிறது என்பது இதன் கருதுகோள்.

அஞ்சிய மலை, ஏறிய மலை

864இல் தொடங்கி ஈராண்டு நீடித்த வெடிப்பில் வழிந்த எரிமலைக் குழம்பு, வடபுறத்துப் பேரேரி ஒன்றின் பெரும்பகுதியைத் தூர்த்தது. எஞ்சியவையே இன்றைய சாய், ஷோஜி ஏரிகள். குழம்பு உறைந்த பாறைமேல் அவோகிகஹாரா காடு பின்னர் வளர்ந்தது. அரசவை இவ்வெடிப்பைத் தெய்வச் சீற்றமாகக் கொண்டது. வழிபாட்டில் நேர்ந்த குறையைக் காரணமாக்கி, வடபுறத்துக் காய் மாகாணத்திலும் மலைத் தெய்வமான அசாமாவுக்குக் கோயில் எழுப்பச் செய்தது. அன்று அம்மலை தணிவிக்க வேண்டிய ஓர் ஆற்றல். சீற்றம் அடங்கியிருந்த 12ஆம் நூற்றாண்டில் மட்சுதாய் என்ற துறவி உச்சியில் வழிபாட்டிடம் அமைத்தார். தொலைவில் நின்று வணங்கிய மலை, ஏறி வணங்கும் மலையாயிற்று.

நகரமக்களின் மலை

1707ஆம் ஆண்டு வெடிப்பின் சாம்பல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்த எடோ நகரம் (இன்றைய டோக்கியோ) வரை விழுந்தது. அதன்பின் இன்றுவரை ஃபுஜி வெடிக்கவில்லை. இந்த அமைதிக் காலத்தில்தான் எடோவின் வணிகரும் கைவினைஞரும் ‘ஃபுஜி-கோ’ என்னும் வழிபாட்டுச் சங்கங்களில் திரண்டனர். உறுப்பினர் அனைவரும் பணம் சேர்த்து, தங்கள் சார்பில் சிலரை மலைக்கு அனுப்பினர். 1733இல் இவ்வழிபாட்டின் தலைவர் ஜிகிக்யோ மிரோகு மலையில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தபின் இவ்வியக்கம் மேலும் வலுத்தது. 1779 முதல் நகருக்குள்ளேயே மலையின் சிற்றுருவாக மேடுகள் எழுந்தன. உச்சிக்கு ஏறும் உரிமை 1872 வரை பெண்களுக்கு இல்லை; முதியோரோடு பெண்களும் இம்மேடுகளில் ஏறிப் புண்ணியம் தேடினர்.

ஓவியர் ஹொகுசாயின் ‘ஃபுஜியின் முப்பத்தாறு காட்சிகள்’ 1830களில் வந்தது இச்சூழலில்தான். வரவேற்பு மிகுந்ததால் பத்துப் படங்கள் சேர்ந்து தொகுதி நாற்பத்தாறாயிற்று. அவற்றுள் ஒன்றில், தொட்டி செய்யும் தொழிலாளி ஒருவர் வேலையில் மூழ்கியிருக்க, அத்தொட்டியின் வட்டத்துக்குள் மலை சிறிதாய்த் தெரிகிறது. இங்கே முன்நிற்பது உழைப்பு. அரசைப் பற்றியோ தேசத்தைப் பற்றியோ இப்படம் எதுவும் சொல்லவில்லை.

தேசத்தின் மலை

தேசம் என்னும் பொருளை மலைமேல் ஏற்றியது மெய்ஜி காலம். சீனாவோடு போர் நடந்த 1894இல் புவியியலாளர் ஷிகா ஷிகெடகா ‘நிஹோன் ஃபூகேய்ரோன்’ என்ற நூலை வெளியிட்டார். எரிமலைகளையும் நீராவி மிகுந்த காற்றையும் நீரரிப்பையும் நிலவியல் மொழியில் விளக்கி, ஜப்பானின் நிலம் பிற நாட்டு நிலங்களை விஞ்சுவது என்று நிறுவ முயன்றார். ஃபுஜியை உலக மலைகளுக்கு அளவுகோலாக்கினார். 1910இல் ஃபுஜியைப் பாடும் பாட்டு தொடக்கப்பள்ளிப் பாட்டுநூலில் இடம்பெற்றது.

பேரரசு விரிந்தபோது அளவுகோலும் உடன் சென்றது. 1895இல் கைப்பற்றிய தைவானில் ஃபுஜியினும் உயர்ந்த சிகரம் இருப்பது தெரியவந்ததும், 1897இல் அதற்கு ‘புதிய உயர்மலை’ எனப் பொருள்படும் நீடகா என்று பெயரிட்டனர். முன்பு எஸோ என வழங்கி, 1869இல் ஹொக்கைடோ எனப் பெயர்பெற்ற வடதீவில் ஐனு மக்கள் தம் மொழிப் பெயரிட்டு அழைத்த யோடெய் மலை, ‘எஸோ ஃபுஜி’ என்றும் வழங்கலாயிற்று. நீள்பனியின் ஹொக்கைடோவும் வெப்பக் கடலின் ஒகினாவாவும் ஒரே ‘ஜப்பானிய நிலத்தில்’ அடங்குவதற்குக் காலநிலை காரணமாக முடியாது. அவற்றை இணைத்தது அரசியல்.

முடிவுரை

நிலத்துக்குப் பங்கே இல்லை என்பது இதன் பொருளன்று. பிற மலைத்தொடர்களோடு ஒட்டாத தனிக்கூம்பு வடிவமும், பெருநகரிலிருந்து காணக்கூடிய தொலைவும், முந்நூறாண்டு அமைதியும் இல்லையேல் இவ்வரலாறு வேறு மலையைச் சுற்றி நிகழ்ந்திருக்கும். எனினும் அஞ்சியோரும் ஏறியோரும் அச்சிட்டோரும் அளந்தோரும் ஒரே மலையிலிருந்து வெவ்வேறு பொருளைப் பெற்றனர்.

2013இல் ஃபுஜி உலக மரபுச் சின்னமானது, இயற்கை வகையில் அன்று, பண்பாட்டு வகையில். மலையிலிருந்து 45 கிலோமீட்டர் தள்ளியுள்ள மிஹோ கடற்கரைப் பைன் சோலையை மதிப்பீட்டுக் குழு நீக்கச் சொல்லியும், அது பட்டியலில் சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாக ஓவியங்களிலும் பாடல்களிலும் மலையோடு இணைந்து வந்ததே அதன் தகுதி. அதே ஆண்டில் டோக்கியோவின் நிப்போரிப் பகுதியில், ‘ஃபுஜி காணும் சரிவு’ எனப் பெயர்கொண்ட தெருவிலிருந்து மலையைப் புதிய அடுக்குமாடிக் கட்டடம் மறைத்தது. மறைந்த பின்னும் தெருவின் பெயர் நீடிக்கிறது. நிலம் மக்களை எவ்வாறு வார்த்தது என்று மட்டும் கேட்கும் ஆய்வு இவ்விரண்டையும் விளக்க இயலாது. யார், எக்காலத்தில், எந்த நோக்கோடு அந்நிலத்தைக் காணக் கற்பித்தனர் என்பதையும் அது சேர்த்தே கேட்க வேண்டும்.