பெப்பீஸ் வீட்டு நிலவறை

1660-ம் வருஷம் அக்டோபர் 20-ந் தேதி, லண்டன் நகரத்தில் ஸாமுவேல் பெப்பீஸ் என்ற உத்தியோகஸ்தர் தம் வீட்டு நிலவறைக்குள் இறங்கினார். கால் ஒரு குவியலில் புதைந்தது. என்ன குவியல் என்று நேயர்களுக்கு நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு டர்னருடைய கக்கூஸ் தொட்டி நிரம்பி வழிந்து இவருடைய நிலவறைக்குள் வந்து சேர்ந்திருந்தது. மனுஷருக்கு விசாரம் பிடித்துக்கொண்டது. இதற்கு ஒரு வழி பண்ணியே தீருவது என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

(கக்கூஸ் என்ற சொல்லே டச்சுக்காரர்கள் நமக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அவர்கள் கொழும்பைப் பிடித்து அப்போது நாலு வருஷம்தான் ஆகியிருந்தது.)

பெப்பீஸ் ஒரு தையற்காரர் மகன். அந்த வருஷத்தில்தான் அவருக்குக் கப்பற்படைக் காரியாலயத்தில் 350 பவுன் வருஷச் சம்பளத்தில் பெரிய உத்தியோகம் கிடைத்து, ஸீதிங் லேனில் காரியாலயத்தைச் சேர்ந்த வீட்டுக்குக் குடிவந்திருந்தார். சம்பளத்தைவிட ஆசைகள் ஜாஸ்தி. நாடகம் என்றால் உயிர். புல்லாங்குழல் ஊதுவார், வயல் என்னும் தந்தி வாத்தியம் வாசிப்பார், பாட்டுக்கு மெட்டும் போடுவார். புஸ்தகப் பைத்தியமோ சொல்லி முடியாது. இப்படிப்பட்டவர் காலடியில்தான் அந்தக் குவியல்.

டர்னர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. லண்டன் தொட்டிகள் பூமிக்கடியில் குழி தோண்டிச் செங்கல் கட்டியவை. அவற்றைக் காலிசெய்ய ராத்திரி ஆட்கள் உண்டு. பகலில் அந்த வேலை கூடாது. வாளி வாளியாக அள்ளி, பல வீடுகளில் கூடத்து வழியாகவே தூக்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் கூலி மற்றக் கூலிக்காரர்களுடையதைவிட அதிகம். அதிகமாக இருக்கவேண்டியதுதான். ஆகவே, குடித்தனக்காரர்கள், 'இந்த மாதம் போகட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுவார்கள். டர்னரும் அப்படித்தான் தள்ளிப்போட்டிருப்பார் என்பது என் ஊகம். மனிதன் தள்ளிப்போட்டாலும் தொட்டி தள்ளிப்போடுமா?

தொட்டி வைத்திருப்பவனுக்கும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சண்டை லண்டனில் அதற்கும் நெடுநாள் முந்தியது. 13-ம் நூற்றாண்டிலேயே சட்டம் இருந்தது: கல் சுவர் வைத்த குழியானால் அயலான் நிலத்துக்கு இரண்டரை அடி தள்ளி இருக்கவேண்டும், கல் இல்லாத குழியானால் மூன்றரை அடி. ஒரே ஓர் அடி வித்தியாசம். அந்த ஓர் அடி மண்ணுக்காக எத்தனை பேர் நியாயஸ்தலத்தில் நின்று பணத்தைத் தொலைத்திருப்பார்கள்!

நல்ல தண்ணீரும் இனாமாக வரவில்லை. 1613-ல் ஹ்யூ மிடில்டன் என்ற பொற்கொல்லர் ஹார்ட்பர்ட்ஷயர் ஊற்றுகளிலிருந்து லண்டனுக்கு ஏறக்குறைய 40 மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டிக்கொண்டு வந்தார். பணம் முடைப்பட்டபோது ஜேம்ஸ் ராஜா பாதிச் செலவை ஏற்று, பாதி லாபத்தையும் பேசி வாங்கிக்கொண்டார். தெருவுக்குள் எல்ம் மரத்தைக் குடைந்த குழாய். அதிலிருந்து வீட்டுக்கு ஈயக் குழாய். வருஷ வாடகை கொடுத்தவனுக்குத் தண்ணீர். மரக் குழாய் ஒழுகுவதும் உளுத்துப்போவதும் சகஜம்.

பெப்பீஸ் வீட்டில் கொத்தனாரும் தச்சரும் ஓய்ந்த நாட்கள் குறைவு. 1662-ல் மாடியை உயர்த்தக் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். சமயம் பார்த்து மழை கொட்டி வீட்டை நனைத்தது. வீட்டைச் சீர்செய்யும் நேரத்தில் வானம் என்ன செய்யும் என்பதை அநுபவஸ்தர்கள் அறிவார்கள்.

ஆனால் பெப்பீஸ் கணக்குப் புலி. மாதக் கடைசியில் உட்கார்ந்து கையிருப்பைத் தட்டிப் பார்ப்பார். நாடகமும் மதுவும் பணத்தைத் தின்கின்றன என்று 1661 கடைசியில் இரண்டையும் விடுவதாகச் சத்தியம் செய்தார். சத்தியம் தவறினால் ஏழைகள் உண்டியலுக்கு அபராதம் என்பது ஏற்பாடு. 1663 அக்டோபர் கடைசியில் பார்த்தால் 760 பவுன் 717 ஆகிவிட்டது. 43 பவுன் எங்கே? மனைவியின் உடுப்புக்கு 12 பவுன். தம் உடுப்புக்கு 55! இதைப் படித்தபோது எனக்கு மனசு லேசாயிற்று. வீட்டுச் செலவின்மீது நாம் போடும் பழியில் கால்வாசிதான் நிஜம் போலிருக்கிறது.

அதே டிசம்பர் 10-ந் தேதி நடந்ததுதான் ரஸமான கட்டம். காரியாலயத்துக்குக் காகிதம் வாங்கிய பில்லில் அரசாங்கத்திடமிருந்து இவருக்கு இரண்டு மூன்று பவுன் ஆதாயம் கிடைத்தது. எப்படி என்று ரொம்பத் துருவவேண்டாம். அந்தக் காலத்து உத்தியோகம் அப்படி. நேரே செயின்ட் பால் ஆலயத்து முற்றத்திலிருந்த புஸ்தகக் கடைக்குப் போனார். இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்து, இருபது புஸ்தகங்களை எடுத்துப்போடச் சொல்லிப் புரட்டினார். சாஸர் இருந்தது, ஷேக்ஸ்பியர் இருந்தது, பென் ஜான்ஸன் இருந்தது. மனசு நாடகங்களுக்கே ஓடிற்று. கடைசியில் அடக்கிக்கொண்டு, புல்லர் எழுதிய இங்கிலாந்துப் பெரியோர் வரலாற்றையும், பிரயோஜனமான இன்னும் சிலவற்றையும், 'ஹ்யூடிபிராஸ்' என்ற ஹாஸ்ய காவியத்தையும் வாங்கினார். அந்தக் காவியத்தை முந்திய வருஷமே இரண்டரை ஷில்லிங்குக்கு வாங்கி, பிடிக்காமல், அன்றைக்கே ஒன்றரை ஷில்லிங்குக்குத் தள்ளிவிட்டவர் இவர்! ஊரெல்லாம் புகழ்கிறதே என்று மறுபடியும் வாங்கினார். ஷேக்ஸ்பியரைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்த மனிதன் வழியெல்லாம் என்ன நினைத்திருப்பான் என்பதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு சம்பத்து பெருகிற்று. 1664-ல் ஐந்தரைப் பவுன் கொடுத்துப் பூதக்கண்ணாடி ஒன்று வாங்கினார்.

அவருக்குப் பின் கதை வேறு திசையில் திரும்பியது. 1778-ல் பிராமா என்பவர் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கக்கூஸுக்குக் காப்புரிமை பெற்றார். நாகரிகம் என்று எல்லாரும் வைத்துக்கொள்ள, பழைய தொட்டிகள் தண்ணீரால் நிரம்பி வழிந்தன. 1815-லிருந்து வீட்டுக் கழிவைத் தெருச் சாக்கடையில் விட அநுமதித்தார்கள். தெருச் சாக்கடை நேரே தேம்ஸ் நதிக்குப் போயிற்று. குடிதண்ணீரும் அந்த நதியிலிருந்தே வந்தது! 1849-லும் 1854-லும் காலரா ஆயிரக்கணக்கில் வாரிக்கொண்டு போனது. அப்போதெல்லாம் செலவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த பார்லிமெண்ட், 1858 கோடையில் நாற்றம் தன் ஜன்னல் வழியாகவே நுழைந்தபோது, பதினெட்டே நாளில் மசோதாவை நிறைவேற்றி 30 லட்சம் பவுனுக்கு வழிசெய்தது. பாஸல்ஜெட் என்ற என்ஜினீயர் 82 மைல் பெருஞ்சாக்கடை கட்டினார். டர்னருடைய தொட்டி இப்படியாக ஊர்ச் செலவாயிற்று.

முழுவதும் ஆகவில்லை. தெருவில் ஓடுவது ஊருடையது. தெருவிலிருந்து வாசற்படிவரை ஓடுவது யாருடையது? இங்கிலாந்தில் இந்தக் கேள்வி நெடுநாள் குடித்தனக்காரர்களை வாட்டியது. நாலு வீட்டுக்குப் பொதுவான குழாய் ஒருவர் தோட்டத்துக்கடியில் உடைந்தாலும் நாலு பேரும் பங்கு போடவேண்டும். மூன்று பேர் கதவைச் சாத்திக்கொள்வார்கள். 2011 அக்டோபர் 1-ந் தேதிதான் இப்படிப்பட்ட பொதுக் குழாய்களில் பெரும்பாலானவை தண்ணீர்க் கம்பெனிகளின் பொறுப்புக்கு மாறின. பெப்பீஸ் நிலவறையில் கால் வைத்து 351 வருஷத்துக்குப் பின்! ஒரே வீட்டுக்கென்று அந்த வீட்டு எல்லைக்குள் ஓடும் குழாய் மட்டும் இன்றும் வீட்டுக்காரன் தலையில்தான்.

பெப்பீஸ் சேர்த்த புஸ்தகங்கள் 3,000. அவர் விருப்பப்படி 1724-ல் கேம்பிரிட்ஜ் மாடலன் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்து, அவர் செய்வித்த அதே ஓக் மர அலமாரிகளில் இன்றும் இருக்கின்றன. நிலவறைச் சங்கதியை எழுதிய நாட்குறிப்பும் அவற்றோடுதான் இருக்கிறது.