கடற்பாசிகளில் தனிமங்கள் சேர்தல்

கடற்பாசிகளுக்கு உணவு உறிஞ்சும் வேர் கிடையாது. பாறையைப் பற்றிக்கொள்ளும் பிடிப்புறுப்பு மட்டுமே உண்டு. தமக்கு வேண்டிய தாதுக்களை உடலின் மேற்பரப்பு முழுவதாலும் கடல்நீரிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. ஆனால் நீரில் உள்ள அதே விகிதத்தில் அவை உள்ளே சேர்வதில்லை. கடல்நீரில் பொட்டாசியத்தைப் போல ஏறத்தாழ 27 மடங்கு எடை சோடியம் இருக்கிறது. வெப்பக் கடல்களில் வளரும் வலோனியா என்னும் பச்சைப் பாசியின் செல்சாற்றிலோ பொட்டாசியமே மிகுதி. உயிருள்ள செல் ஆற்றலைச் செலவிட்டு ஒன்றை உள்ளே இழுத்து மற்றொன்றை வெளியே தள்ளுவதால்தான் இது நடக்கிறது.

இந்தத் தேர்வுத்திறன் மிக வியப்பூட்டும் வகையில் வெளிப்படுவது அயோடினில். அந்தத் தனிமம் மனிதருக்கு அறிமுகமானதே பாசிச் சாம்பலின் வழியாகத்தான். நெப்போலியன் காலப் போர்களின்போது பாரிஸில் வெடியுப்பு தயாரித்து வந்த பெர்னார் கூர்துவா, 1811இல் பாசிச் சாம்பலின் கரைசல் எச்சத்தில் கந்தக அமிலத்தைச் சேர்த்தபோது ஊதா நிற ஆவி எழுந்து, குளிர்ந்த பரப்பில் பளபளக்கும் படிகங்களாகப் படிந்தது. ஒரு லிட்டர் கடல்நீரில் அயோடின் சுமார் 0.06 மில்லிகிராம்தான். வட அட்லாண்டிக் கரைகளில் வளரும் லாமினாரியா டிஜிடேட்டா என்னும் பழுப்புப் பாசியிலோ உலர் எடையில் ஏறக்குறைய 1 சதவீதம் அயோடின் இருக்கும். உலராத ஈரப் பாசியின் எடையில் கணக்கிட்டுக் கடல்நீரோடு ஒப்பிட்டால் செறிவு 30,000 மடங்கு வரை போகிறது.

இதற்குத் துணைநிற்பது வனேடியம் கொண்ட நொதி. கடலில் வனேடியமும் அரிது, லிட்டருக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகிராம். அதையும் பாசி திரட்டியாக வேண்டும். செல்சுவர்ப் பகுதியில் இந்நொதி ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு அயோடைடை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. அப்படி உருவாகும் வடிவம் அயோடைடைவிட எளிதாகச் சவ்வைக் கடந்து உள்ளே செல்கிறது என்பதே முன்வைக்கப்பட்டுள்ள விளக்கம்.

சேர்த்த அயோடின் எதற்கு என்ற கேள்விக்கு, ஃப்ரித்ஜோஃப் கூப்பர் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு தெளிவான பதில் தந்தது. அயோடின் பெரும்பாலும் அயோடைடாக, வெளியடுக்குத் திசுவின் செல்களுக்கு இடைப்பட்ட வெளியில் சேமிக்கப்படுகிறது. நீர் வற்றும் நேரத்தில் வெயிலும் காற்றும் பட்டுப் பாசி தவிக்கும்போது, ஓசோன் போன்ற தாக்கும் பொருள்களோடு அயோடைடு தானே வினைபுரிந்து திசுவைக் காக்கிறது. அப்போது காற்றில் கலக்கும் அயோடின், கரையோர வானில் முகில்துளிகள் உருவாக உதவும் நுண்துகள்களைப் பிறப்பிக்கிறது. ஒரு பாசியின் தற்காப்பு வானிலை வரை எட்டுவது இத்துறையின் அழகான கண்டுபிடிப்புகளுள் ஒன்று.

உலோகங்களின் கதை வேறு. பழுப்புப் பாசிகளின் செல்சுவரில் உள்ள ஆல்ஜினேட்டின் எதிர்மின் தொகுதிகள் ஈயம், தாமிரம், காட்மியம் போன்ற அயனிகளை இறுகப் பிணைக்கின்றன. இது உயிர்ச்செயல் அன்று; செத்து உலர்ந்த பாசியும் உலோகத்தைப் பிடிக்கும். கழிவுநீரிலிருந்து உலோகம் அகற்ற அதைப் பயன்படுத்தும் முயற்சிகளுக்கு இதுவே அடிப்படை. மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் சர்காசம், டர்பினேரியா ஆகியவையும் ஆல்ஜினேட்டுக்காகச் சேகரிக்கப்படும் பழுப்புப் பாசிகளே.

வேண்டாமலே நுழைவதும் உண்டு. ஆர்செனேட்டின் வடிவம் பாஸ்பேட்டை ஒத்திருப்பதால், பாஸ்பேட்டை உள்ளிழுக்கும் வழியிலேயே அதுவும் புகுந்துவிடுகிறது. பெரும்பாலான பாசிகள் அதை நச்சுத்தன்மை குறைந்த ஆர்செனிக்-சர்க்கரைச் சேர்மங்களாக மாற்றிவிடுகின்றன. ஜப்பானியர் உண்ணும் ஹிஜிகி விதிவிலக்கு. அதில் நச்சு மிகுந்த கனிம ஆர்செனிக் அதிகம் என்பதால், 2004இல் பிரிட்டனின் உணவுத் தர முகமை அதை உண்ண வேண்டாமென அறிவுறுத்தியது. ஆகவே பாசி உணவுகளைப் பற்றிப் பேசும்போது மொத்த ஆர்செனிக் அளவை மட்டும் சொல்வது போதாது. அது எந்த வடிவில் உள்ளது என்பதையும் சொல்ல வேண்டும்.

தன்னைச் சூழ்ந்த நீரின் நிலையைப் பாசி உடலில் பதிவு செய்துகொள்வதால், கடல் மாசைக் கண்காணிக்க அது பயன்படுகிறது. இங்கிலாந்தின் செல்லஃபீல்டு அணுக்கரு ஆலையிலிருந்து வெளியேறிய டெக்னீசியம்-99 நார்வே கரை வரை பரவியதை ஃபியூக்கஸ் பாசிகளைக் கொண்டு பின்தொடர்ந்தனர். 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின், பசிபிக்கின் மறுகரையான கலிபோர்னியாவின் மாக்ரோசிஸ்டிஸ் பாசிகளில் அயோடின்-131 கண்டறியப்பட்டது. அதன் அரையாயுள் 8 நாள் மட்டுமே. காற்று வழியே வந்து கடலில் விழுந்ததை, அது சிதைந்து மறையும் முன்பே பாசிகள் திரட்டியிருந்தன.