ராக்கெட் புகைத்துகள்கள்

ராக்கெட் எரிபொருள் எரியும்போது வாயுக்களோடு வெளியேறும் நுண்ணிய திடத்துகள்கள். இவற்றில் முதன்மையானவை கரித்துகளும் அலுமினியம் ஆக்சைடும்.

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையிலிருந்து இரு ராக்கெட்டுகள் புறப்பட்டன. 2023 பிப்ரவரி 19 அன்று பட்டிபுலத்திலிருந்து சென்றது மாணவர்கள் செய்த 150 பிக்கோ செயற்கைக்கோள்களைச் சுமந்தது. 2024 ஆகஸ்ட் 24 அன்று திருவிடந்தையிலிருந்து ஸ்பேஸ் ஸோன் இந்தியா நிறுவனத்தின் ரூமி-1 ஏவப்பட்டது. இரண்டும் ஹைபிரிட் வகை. இவ்வகையில் எரிபொருள் திடமாக இருக்கும். அதை எரிக்க ஆக்சிஜன் தரும் பொருள் தனித் தொட்டியில் இருக்கும். ரப்பர், மெழுகு போன்ற கார்பன் எரிபொருளோடு ஆக்சிஜன் முழுமையாகக் கலக்காத இடத்தில் கரி உண்டாகிறது. இவ்வளவு சிறிய ராக்கெட் ஒன்றால் வானம் மாறிவிடாது. கணக்குப் பார்க்க வேண்டியது எண்ணிக்கையையும் உயரத்தையும்தான்.

மாமல்லபுரத்தில் ஐப்பசி மழை ஒன்று அடித்தால் காற்றிலுள்ள புகையெல்லாம் மண்ணுக்கு வந்துவிடும். நம் பகுதியில் சுமார் 17 கி.மீ.க்கு மேலே, அடுக்குமண்டலத்தில், அப்படிக் கழுவ மழையே இல்லை. அங்கே சேரும் கரி ஆண்டுக்கணக்கில் தங்கி, வெயிலை உறிஞ்சிச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. தரைக்கு அருகில் கலக்கும் அதே எடைக் கரியைவிட ராக்கெட் கரி சுமார் 500 மடங்கு வெப்பமூட்டும் என்று 2022-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஹைபிரிட் ராக்கெட்டுகள் ஆண்டுக்கு 1000 முறை பறந்தால் என்ன ஆகும் என்பதை ஆய்வாளர் மார்ட்டின் ராஸ் குழுவினர் 2010-இலேயே கணக்கிட்டனர்: சுமார் 600 டன் கரி சேரும், 40 கி.மீ. உயரத்தில் கரிப் படலம் நிலைக்கும். ஓசோன் பரவலும் மாறும்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் பி.எஸ்.எல்.வி.யின் வெண்புகை சென்னை மொட்டைமாடிகளிலிருந்தே தெரியும். அந்த வெண்மைக்குப் பெருங்காரணம் அலுமினியம் ஆக்சைடு. முதல் கட்டத்தில் மட்டும் சுமார் 139 டன் திட எரிபொருள் உள்ளது. அம்மோனியம் பெர்குளோரேட்டுடன் அலுமினியத் தூளும் சேர்ந்தது அது. பெர்குளோரேட் எரிந்து ஹைட்ரஜன் குளோரைடைத் தருகிறது. அதிலுள்ள குளோரினை ஓசோனைச் சிதைக்கும் வடிவுக்கு மாற்றும் வேதிவினைகளுக்கு அலுமினியம் ஆக்சைடு துகளின் பரப்பே களமாகிறது. ஓசோனைக் காக்க 1987-இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கை ராக்கெட் புகைக்கு வரம்பு வைக்கவில்லை. இது பெரிய இடைவெளி.

ஹைட்ரஜன் எரிபொருளில் கரி வராது, நீராவியே வரும். மண்ணெண்ணெய் வகையில் கரி உண்டு. சென்னை அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று ஏவிய அக்னிபாண் அவ்வகை. 2024 பிப்ரவரி 28-இல் குலசேகரன்பட்டினத்தில் அடிக்கல் நாட்டப்பட்ட ஏவுதளத்திலிருந்து கிளம்பவிருக்கும் எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் மூன்று கட்டங்களும் திட எரிபொருளால் இயங்குபவை.