இரண்டு விடியல்களுக்கு நடுவே ஒரு கடல்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததும், ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த வான்வழி நடுவில் அறுந்தது. போருக்கு முன் சிட்னியிலிருந்து கிளம்பிய நீர்விமானங்கள் பகலில் பறந்து, இரவில் வழியிலிருந்த ஊர்களில் தங்கி, ஒன்பது பத்து நாளில் சவுதாம்ப்டனை அடைந்துவந்தன. தங்கிச் செல்ல உதவிய தீவுகள் இப்போது எதிரியின் கையில். எஞ்சியது இந்தியப் பெருங்கடல் மட்டுமே.

அதை ஒரே மூச்சில் கடக்க ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ் துணிந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஸ்வான் ஆறு ஒரு முனை. இலங்கையில் காலிக்கு அருகேயுள்ள கொக்கல ஏரி மறுமுனை. இடையே ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர், இறங்க இடமில்லாத நீர்ப்பரப்பு. 1943-இன் நடுவில் சேவை தொடங்கியது.

கொக்கலவுக்கு அதற்குள்ளேயே ஒரு போர்க்கதை இருந்தது. பிரிட்டிஷ் விமானப்படைத் தளத்துக்காக அவ்வூர் மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ஊரும் அதுவே. 1942 ஏப்ரலில் கொழும்பை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையை முதலில் கண்டு எச்சரித்ததும் இந்த ஏரியிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினா நீர்விமானம்தான்.

குவாண்டாஸ் பயன்படுத்தியதும் கேட்டலினாக்களையே. மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர் வேகம், ஆயுதம் கிடையாது. ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயர். அது வெறும் அலங்காரமில்லை. எதிரி கண்டுபிடித்துவிடாதபடி வானொலியில் பேசாமல் பறக்க வேண்டியிருந்ததால், நேவிகேட்டர்கள் இரவு வானத்தின் விண்மீன்களை அளந்தே வழி கண்டார்கள். இந்தச் சேவையின் முதுகெலும்பு அவர்கள்தான் என்று சொல்லலாம்.

தொலைவை வென்றது எரிபொருள். கூடுதல் தொட்டிகளைப் பொருத்தியதும் மற்றவற்றுக்கு இடம் சுருங்கியது: மூன்று பயணிகள், சுமார் 69 கிலோ தபால், அவ்வளவே. புறப்பட்ட முதல் சில மணிநேரம்தான் மிக ஆபத்தானது. அந்தக் கனத்தோடு ஓர் இயந்திரம் நின்றால், மற்றதை மட்டும் நம்பி உயரத்தில் தாக்குப்பிடிக்க முடியாது.

பயண நேரத்தைக் காற்றுதான் முடிவு செய்தது. சில நாள் 27 மணி நேரம் போதும். எதிர்க்காற்றில் சிக்கிய ஒரு பயணம் 32 மணி 9 நிமிடம் நீண்டது. இருக்கையை விட்டு இறங்காமலே இருமுறை சூரியோதயம் கண்டவர்களுக்கு, ‘இரட்டை விடியல் ரகசியச் சங்கம்’ என்று பொறித்த சான்றிதழ் தரப்பட்டது.

1944-இல் லிபரேட்டர் விமானங்களும் இக்கடலைக் கடக்கத் தொடங்கின. அவை சக்கரத்தில் இறங்குபவை, வேகமும் அதிகம். பயணம் 17 மணி நேர அளவுக்குச் சுருங்கியது. 1945 ஜூலையில் இச்சேவை முடிந்தபோது கேட்டலினாக்கள் 271 முறை கடல் கடந்திருந்தன. கடன்-குத்தகை ஒப்பந்தப்படி அமெரிக்காவிடமிருந்து வந்த அந்த விமானங்கள், அதன் நிபந்தனைக்கேற்ப போருக்குப் பின் கடலிலேயே மூழ்கடிக்கப்பட்டன.

2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து லண்டனுக்கு இடைநில்லாச் சேவை தொடங்கியது: சுமார் 14,500 கிலோமீட்டர், ஏறத்தாழ 17 மணி நேரம். கொக்கல தூரத்தைப் போல இரண்டரை மடங்கு அது. ஆயினும் பயணிகள் விமானச் சேவையில் தொடர்ந்து காற்றிலேயே இருந்த நேரக் கணக்கில், கேட்டலினாவின் 32 மணி 9 நிமிடத்தை இன்றுவரை எந்த ஜெட் விமானமும் நெருங்கவில்லை.