குடிமையும் காதலும்: ஊவாத் தோட்டப் புனைகதை பற்றிய ஒரு நோக்கு

தலைவன் தலைவியரிடையே அமைதற்குரிய ஒப்புகள் பத்தினைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே வகுத்துரைப்பர். பிறப்பிலே தொடங்கித் திருவிலே முடியும் அவ்வரிசையில் இரண்டாவதாக நிற்பது குடிமை. ஒருவர் உயர்ந்தும் மற்றவர் தாழ்ந்தும் நிற்பின் அன்பு இடர்ப்படும் என்பது அதன் உட்கருத்து எனலாம். ஆயின், ஊவாத் தேயிலைத் தோட்ட வாழ்வு வேறொரு வினாவை எழுப்புகின்றது. இருவரும் எல்லாவற்றாலும் ஒத்தவராயிருந்தும், இருவருமே தம்மைத் தாழ்ந்தோராகக் கருத நேரின், அவ்வன்பின் நிலை யாது?

இத்தாழ்வுணர்ச்சி பிறவிக்குணமன்று, அதற்கென ஒரு வரலாறு உண்டு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே பதுளை உட்பட ஏழு தொகுதிகளில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வெற்றியீட்டிற்று. அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோக, 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சியினர் ஒருவரேனும் தெரிவாகவில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கீட்டின் விளைவாக உற்றார் உறவினர் கடலின் இரு கரைகளிலுமாயினர். எந்நாடும் தன்னை வேண்டவில்லை என உணர்ந்தவன், தன்னை ஒருத்தி மனமார வேண்டுகின்றாள் என்பதை ஐயமின்றி ஏற்பது எளிதன்று.

இவ்வக நெருக்கடியை இலக்கியமாக்கியோருள் தெளிவத்தை ஜோசப் (1934–2022) குறிப்பிடத்தக்கவர். பதுளையை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்த அவர், ‘காலங்கள் சாவதில்லை’ (1974) என்னும் நாவலையும் ‘நாமிருக்கும் நாடே’ (1979) என்னும் சிறுகதைத் தொகுதியையும் தந்தார். அவரது ‘மீன்கள்’ என்னும் சிறுகதை ஈண்டு நோக்கற்பாலது. லயத்துக் காம்பரா பொதுவாக ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினது. வளர்ந்த பிள்ளைகளோடு அத்தகைய ஓரறையில் வாழும் பெற்றோரின் இல்லற உறவே வெட்கத்துக்குரியதாக மாறுவதை அக்கதை காட்டுகின்றது. அங்கே அன்பு குறைந்துவிடவில்லை. அன்பு செலுத்துதற்கு இடமே இல்லை. இடமின்மை நாணத்தையும், நாணம் தன்னிழிவையும் தோற்றுவிக்கின்றன.

திறனாய்வாளர் சிலர் இத்தகைய பாத்திரங்களின் கூச்சத்தையும் ஐயத்தையும் தனிமனிதக் குறைபாடாகவே கொள்வர். அது பொருந்தாது. அறையின் அளவை வகுத்தவர் தோட்டத்துரை; பிரஜாவுரிமையின் எல்லையை வகுத்தது சட்டம். கணவனும் மனைவியும் ஒருவர் முன் ஒருவர் கூனிக்குறுகும்போது, அவ்விருவருக்குமிடையே அத்துரையும் அச்சட்டமும் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கின்றன.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கிற்று. ஆயினும் லயங்கள் இன்னும் முற்றாக ஒழியவில்லை. சட்டம் ஒரு நாளில் மீட்டளித்த குடிமையை மனம் மீட்டுக்கொள்ளத் தலைமுறைகள் வேண்டியிருக்கலாம். அம்மீட்சியின் தடங்களை ஆராய விழைவோர்க்கு ஊவாவின் புனைகதைகள், அரச ஆவணங்கள் கூறாத சான்றுகளை வழங்கும்.